முத்திரையிட்ட சேறு

காலை ஏழே முக்கால்.

கழிமுக ஆய்வு நிலையத்தின் சான்று அறையில் தரை முழுக்கச் சேறு. நேற்று மாலை வரை அது ஆள் உயரப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றுக்குள், மேலும் கீழும் அரக்கு முத்திரையோடு சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. இப்போது குழாய் ஒரு மூலையில் பிளந்து கிடந்தது. உள்ளே இருந்ததை யாரோ இரும்புக் கம்பியால் கிளறி, மேலடுக்கு எது, அடியடுக்கு எது என்று தெரியாதபடி பிசைந்து வைத்திருந்தார்கள். கண்மை போலக் கறுத்து, ஈர மினுமினுப்போடு கிடந்தது அது. போதாக்குறைக்கு அழுகிய முட்டை நாற்றம்.

இன்ஸ்பெக்டர் வாசலிலேயே நின்று பார்த்தாள். காவல் நிலையத்தில் முதுகுக்குப் பின்னால் அவளுக்குச் ‘சந்தேகம்’ என்று பெயர். யாராவது டீ வாங்கிக் கொடுத்தால்கூட எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பாள். இன்று அவளுக்குச் சந்தேகத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அதற்குக் காரணம் இருந்தது, அது பிறகு.

ஏட்டை முதலில் படம் எடுக்கச் சொன்னாள். அவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்து, கல்யாண வீட்டில் எடுப்பதுபோல நாலா பக்கமும் எடுத்துத் தள்ளினார். பிறகு அவள் சுவரோரமாக நடந்து ஜன்னலுக்குப் போனாள். ஜன்னல் கண்ணாடி உடைந்து சில்லுகள் உள்பக்கம் விழுந்திருந்தன. வெளியே எட்டிப் பார்த்தாள். கழிமுகத்துத் தண்ணீர் ஏறி, சுவரை மோதிக்கொண்டிருந்தது. இறங்கி நின்றால் மார்பளவு இருக்கும். ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டினாள். காய்ந்த தூசிதான் ஒட்டியது.

திரும்பும்போது பூட்ஸ் விளிம்பில் சேறு பட்டுவிட்டது. கைக்குட்டையால் துடைத்து, அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அறையைப் பூட்டி முத்திரை வைக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

நடைக்கூடத்தில் வக்கீல் காத்திருந்தார். சட்டசபைக் குழுவின் சட்ட அதிகாரி. கழிமுகப் பாதுகாப்பு மசோதாவைச் சொல்லுக்குச் சொல் எழுதியவர் அவர்தான். கழுத்துப்பட்டை கச்சிதமாக இருந்தது. சட்டைக் கைகளை மட்டும் முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டிருந்தார். முகம் பேயறைந்தது போல இருந்தது.

“நீங்கதான் முதல்ல பார்த்தீங்களா?”

“ஆமா. குழாயை எடுத்துட்டுப் போக வந்தேன். கதவைத் திறந்தா இந்தக் கோலம். வாசப்படி தாண்டி ஒரு அடி வைக்கல.”

“கதவு பூட்டியிருந்ததா?”

“பூட்டித்தான் இருந்தது. என் சாவியால திறந்தேன். இன்னொரு சாவி இந்தச் சேத்தை ஆராயற டாக்டர்கிட்ட. அவங்க நேத்து சாயங்காலத்துலேர்ந்து தலைநகர்ல, குழுத் தலைவர் கூட. ராத்திரி தண்ணி வடிஞ்சிருக்கும்போது எவனோ ஜன்னல் வழியா வந்திருக்கான்.”

இந்தச் சேற்றுக்கு ஏன் இத்தனை மரியாதை என்று அவர் விளக்கினார். இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்ததுதான், ஊரே ஆறு மாதமாக இதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. கடல் வருஷா வருஷம் ஏறுகிறது. கழிமுகத்து அலையாத்தி மரங்களும் சேற்றுத் திடலும் பிழைக்க வேண்டுமானால் அவையும் மெல்ல மெல்ல நிலத்துப் பக்கம் நகர வேண்டும். நகர இடம் வேண்டும். மசோதாவின் பதினெட்டாம் பிரிவு அந்த இடத்தைத்தான் கொடுக்கிறது: திடலுக்குப் பின்னால் ஒரு பட்டை நிலத்தில் சுவர் கட்டக் கூடாது, புது வீடு கட்டக் கூடாது, இருக்கும் வீடுகளைச் சில வருஷங்களில் மேட்டுக்கு மாற்ற வேண்டும். முன்பு கடல் ஏறியபோதெல்லாம் திடல் அப்படி நகர்ந்துதான் பிழைத்தது என்பதற்கு அந்தக் குழாயில் இருந்த அடுக்குகள்தான் சாட்சி. குழுவின் கண் முன்னால் எடுத்து, தலைவரே முத்திரை வைத்தது. இன்று மதியம் இரண்டு மணிக்கு அது குழுவின் மேசையில் நிற்க வேண்டும்.

நிற்காவிட்டால் என்ன ஆகும், தள்ளி வைக்க முடியாதா என்று கேட்டாள்.

“விதி இருக்கு. நிலையத்தோட காவல்ல இருக்கும்போது வெளியாள் அழிச்சா, சான்று இல்லைன்னு பிரிவு விழுந்துரும். மசோதா அது இல்லாம நிறைவேறும். குழுவோட ஆள் கையாலேயே கெட்டுப்போனாத்தான் ஒத்தி வச்சு மறுபடி சான்று எடுக்கணும். நான் எழுதின விதிதான்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என் பிள்ளை மாதிரி வளர்த்த பிரிவும்மா அது.”

வாயிற்காவலர் விடியற்காலையிலிருந்து வாசலில் இருந்தார். வக்கீல் ஐயா ஒருத்தர்தான் உள்ளே போனார் என்றார். அவருக்கு டீ போட்டு, ஆற்றி, எடுத்துக்கொண்டு போகிற நேரத்தில்தான் கூப்பாடு கேட்டதாம். ராத்திரி வேறு ஆள் காவல், அவர் தூங்கியிருக்கலாம். நேற்று ஏதாவது தகராறு நடந்ததா என்று கேட்டபோது அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்தார்.

“சொல்லுங்க.”

“சாயங்காலம் பின்தெருக்காரங்க வந்து சத்தம் போட்டாங்கம்மா. ‘இந்தக் குழாயை நானே உடைக்கிறேன்’னு ஒருத்தர் சொன்னாரு. பஸ் டிரைவர்.”

பஸ் டிரைவர் அவளுடைய அண்ணன். பின்தெரு அந்தப் பட்டை நிலத்தில் இருந்தது. அதன் கடைசி வீடு அவள் பிறந்த வீடு. அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். போன மழைக்கு உப்புத் தண்ணீர் முற்றம் வரை வந்துவிட்டுப் போனது. ஒரு சுவர் கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அண்ணன் தெருவையே திரட்டி வைத்திருந்தான். காலையில் தகவல் வந்த நிமிஷத்திலிருந்து அவள் பயந்துகொண்டிருந்தது இதற்காகத்தான்.

மேலதிகாரிக்குச் செய்தி அதற்குள் எட்டிவிட்டது. அண்ணன் என்று தெரியும், அதனால்தான் நீயே போய்க் கூட்டி வா, இல்லாவிட்டால் நீயே ஒளித்து வைத்தாய் என்று பேச்சு வரும், நாளைக்கு வழக்கை வேறு ஆளிடம் கொடுத்துவிடலாம் என்றார். நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

காலை ஒன்பதரை.

பணிமனையில் அண்ணன் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டிருந்தான். பயணிகள் இறங்கி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். அவளைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. தானே ஜீப்பில் ஏறினான். காவல் நிலையத்தில், அவள் மேசைக்கு எதிரே, புகார் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“ராத்திரி எங்க இருந்த?”

“வீட்ல.”

“யாரு பார்த்தா?”

“அம்மா. அம்மா சாட்சி செல்லுமா உங்க ஸ்டேஷன்ல?”

“அண்ணி?”

“அவ பிறந்த வீட்டுக்குப் போய் ரெண்டு நாளாச்சு.”

“பஸ் எப்ப எடுத்த?”

“விடியறதுக்கு முன்னாடி. அதுலேர்ந்து நீ வந்து இறக்குற வரைக்கும் ஸ்டியரிங்கை விட்டு எழுந்திரிக்கல. வண்டி நிறைய ஜனம்.”

“குழாயை உடைச்சியா?”

“உடைக்கணும்னு நினைச்சேன். நினைச்சதுக்கும் உள்ள போடுவியா?”

ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அண்ணன் எழுந்து, யாரும் வழிகாட்டாமலே லாக்கப் பக்கம் நடந்தான். ராத்திரி என்றால் அவன் மாட்டிக்கொண்டான். காலை என்றால் ஒரு பஸ் ஜனமும் சாட்சி. எப்போது உடைந்தது என்பதில்தான் எல்லாம் இருந்தது. அதை எங்கே போய்க் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

காலை பதினொன்று.

சேற்று டாக்டர் தலைநகரிலிருந்து வந்து இறங்கினார். ஊரில் அவரை அப்படித்தான் சொல்வார்கள். படித்த படிப்பு அவ்வளவும் சேற்றில்தான். வயது ஐம்பதுக்கு மேல். காரில் வந்த தூரம் முழுக்க அழுதிருக்க வேண்டும், கண் வீங்கியிருந்தது. இன்ஸ்பெக்டர் முத்திரையை உடைத்து அறையைத் திறந்து விட்டாள்.

டாக்டர் தரையில் குந்தி உட்கார்ந்தார். அறை முழுக்கத் தேயிலைச் சக்கை நிறத்தில் கிடந்தது சேறு. அவர் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“ராத்திரியே உடைச்சிருக்கான் பாவி” என்றார் மெதுவாக. “அதான் இவ்வளவு பழுப்பேறியிருக்கு.”

ராத்திரி. அண்ணன் கதை முடிந்தது. எப்படிச் சொல்கிறீர்கள் என்று கடமைக்குக் கேட்டாள்.

டாக்டர் ஒரு கட்டியை எடுத்து இரண்டாக உடைத்தார். உள்ளே கன்னங்கரேலென்று இருந்தது. “மண்ணுக்குள்ள காத்து படாம இருக்கிற வரைக்கும் இதுதான் நிறம். காத்து பட்டா மேல்தோல் பழுப்பாயிரும். ரெண்டு மூணு மணி நேரம் போதும். அதனாலதான் குழாயை மூடி முத்திரை வைக்கிறோம். நீங்க காலையில வந்தப்பவே பழுப்பாத்தானே இருந்திருக்கும்?”

இன்ஸ்பெக்டர் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தாள். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரித்தாள். பூட்ஸைத் துடைத்த இடத்தில் பழுப்புக் கறை. அவள் துடைத்தது கறுப்பு. நன்றாக நினைவிருந்தது. ஆனால் அவள் நினைவை யார் நம்புவார்கள், தங்கச்சிக்காரி ஆயிற்றே. ஏட்டைக் கூப்பிட்டுக் கைபேசியை வாங்கினாள். காலையில் எடுத்த படங்கள் ஒவ்வொன்றிலும், அடியில் நேரத்தோடு, சேறு கண்மையாய்க் கறுத்துக் கிடந்தது.

டாக்டர் படத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்போதான் உடைச்சிருக்காங்க” என்றார். “நீங்க வர்றதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடிதான்.”

அவள் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். உடைத்தது அண்ணன் இல்லை. அப்படியானால் யார் என்பதும் அந்த நிமிஷமே வரிசையாக வந்து நின்றது. ஏட்டுக்கும் புரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் வந்து நின்றார்.

“அம்மா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணனை விடறதுக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. சாயங்காலம் படத்தைக் கொண்டுபோய் மேலதிகாரிகிட்ட காட்டினாப் போதும், விட்டுருவாங்க. ரெண்டு மணி தாண்டிட்டா பிரிவு விழுந்துரும். அண்ணனும் வருவாரு, வீடும் இருக்கும். நீங்க பொய் சொல்லப் போறதில்ல. கொஞ்சம் மெதுவாப் போறீங்க, அவ்வளவுதான்.”

அவர் நல்லதற்குத்தான் சொன்னார். அவளுக்கு அந்த வீட்டு வாசல் நினைவுக்கு வந்தது. அம்மா அங்கே உட்கார்ந்து கீரை ஆய்வது நினைவுக்கு வந்தது. மெதுவாகப் போவது அவள் வேலையில் புதிதல்ல. எத்தனையோ கோப்புகள் மெதுவாகப் போயிருக்கின்றன, யாரும் கேட்டதில்லை. கடல் தானாக வந்து வீட்டை எடுத்துக்கொள்ள இன்னும் சில வருஷம் ஆகலாம். அதற்குள் அம்மா காலம் போய்விடும். இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று தன் மேலேயே வெறுப்பு வந்தது. உடைத்தவனும் இப்படி உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தானே உடைத்திருப்பான்.

மதியம் பன்னிரண்டரை. இன்ஸ்பெக்டர் எழுந்தாள்.

வக்கீல், டாக்டர், வாயிற்காவலர் மூவரையும் சான்று அறை வாசலுக்கு வரச் சொன்னாள். குழுத் தலைவரை டாக்டரின் கைபேசியில் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். வக்கீல் கையில், பிரிவு விழுந்தது என்று குழுவுக்கு எழுதிய அறிக்கை தயாராக இருந்தது.

“சார், நீங்க கதவைத் திறந்தப்ப சேறு என்ன நிறம்?”

“சேறு நிறம்தான்.”

“இப்ப இருக்கிற மாதிரியா?”

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். “இப்படித்தான் இருந்தது.”

அவள் படத்தைக் காட்டினாள். வக்கீலுக்கு அப்போதும் புரியவில்லை. வருஷக்கணக்கில் இந்தச் சேற்றைப் பற்றி எழுதியவர்தான். குழாய்க்குள்ளும் அச்சிட்ட படங்களிலும் மட்டுமே அதைப் பார்த்திருக்கிறார். திறந்து வைத்த சேற்றின் பக்கத்தில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்ததில்லை. டாக்டர்தான் கட்டியை உடைத்துக் காட்டிச் சொன்னார். சொல்லச் சொல்ல வக்கீல் அறிக்கையை நாலாக மடித்தார்.

இன்ஸ்பெக்டர் கைபேசியைப் பார்த்துப் பேசினாள். “ராத்திரி உடைச்சிருந்தா, நான் வந்தப்பவே அது பழுப்பாகியிருக்கணும் ஐயா. கறுப்பா இருந்தது. அப்ப உடைச்சது காலையில, நான் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அந்த நேரம் ஜன்னலுக்குக் கீழ மார்பளவு தண்ணி. அதுல வந்து ஏறினவன் சொட்டச் சொட்ட ஏறியிருக்கணும். விளிம்புல காஞ்ச தூசிதான் இருந்தது. ஜன்னல் வழியா யாரும் வரல. கதவு வழியாத்தான். பூட்டு உடையல. சாவி ரெண்டு. ஒண்ணு உங்க பக்கத்துல இருந்தவங்க கையில. இன்னொண்ணு இவர் கையில. வாசல்ல உள்ள போனதும் இவர் ஒருத்தர்தான். டீ ஆறுற நேரம் இவருக்குப் போதுமா இருந்தது. ஜன்னல் கதவை உள்பக்கமாத் திறந்து வச்சு, வெளிமுகத்துல தட்டினா, சில்லு உள்ளதான் விழும்.”

இன்ஸ்பெக்டர் வக்கீலின் பக்கம் திரும்பினாள்.

“வாசப்படி தாண்டலைன்னு சொன்னீங்க. சட்டைக் கையைக் கொஞ்சம் இறக்கி விடுங்க சார்.”

வக்கீல் இறக்கவில்லை. பிறகு வலது சட்டைக் கையை மட்டும் மெதுவாக அவிழ்த்தார். அதன் மணிக்கட்டுப் பட்டியில், கழுவியும் போகாத பழுப்புக் கறை.

“பதினெட்டு இருந்தா மசோதாவே தோத்துரும்” என்றார் கைபேசியைப் பார்த்து. “உறுப்பினர் ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய் வந்தவன் நான். அந்தப் பிரிவு இல்லேன்னா ஜெயிக்கும். பாதியாவது கரையேறட்டும்னு பண்ணினேன். எவனோ வெளியாள்னு போயிரும், யாரையும் பிடிக்க மாட்டாங்கன்னு நினைச்சேன். டிரைவரைக் கூட்டிட்டுப் போனாங்கன்னு கேட்டதுலேர்ந்து எனக்குச் சோறு தண்ணி இறங்கல.”

“எந்தப் பாதி?” என்று கேட்டார் டாக்டர். அவர் குரல் உயரவே இல்லை. “பின்னால சுவர் வந்துட்டா அலையாத்தி எங்க போய் நிக்கும்? முன்னாடி கடல், பின்னாடி சுவர். நடுவுல நின்னு முழுகும். அது முழுகினப்புறம் அதைக் காப்பாத்த ஒரு சட்டம் எதுக்கு?”

கைபேசியில் தலைவர் பேசினார். குழுவின் அதிகாரி கையால் சான்று கெட்டிருப்பதால் விசாரணை ஒத்தி வைக்கப்படுகிறது, குழு மறுபடி வந்து புதுக் குழாய் எடுக்கும், பதினெட்டாம் பிரிவு அதுவரை மசோதாவில் இருக்கும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வாக்கெடுப்பில் அது நிற்குமா என்று தனக்குத் தெரியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். மணி ஒன்று அடித்திருந்தது. டாக்டர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வக்கீல் கேட்காமலே ஜீப்பை நோக்கி நடந்தார்.

காவல் நிலையத்தில் அவளே லாக்கப்பைத் திறந்தாள். அண்ணன் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தான். நடந்ததை எல்லாம் சொன்னாள். சேற்றின் நிறத்தைச் சொன்னாள், வக்கீலைச் சொன்னாள், பிரிவு பிழைத்ததையும் சொன்னாள். ஏட்டு சொன்ன யோசனையை மட்டும் விட்டுவிடலாம் என்று நினைத்தாள். முடியவில்லை, அதையும் சொன்னாள்.

அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டான்.

“ரெண்டு மணி வரைக்கும் நான் உள்ளேயே இருந்திருப்பேனே” என்றான். “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“கேட்டா இருன்னு சொல்லியிருப்ப. அதான் கேக்கல.”

“என்னை வெளிய விட்டுட்ட. வீட்டைப் பிடிச்சுக் குடுத்துட்ட.”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சீருடையில் இருந்ததால் அடக்கிக்கொண்டாள். அவன் எழுந்தான். கோபமாகப் போய்விடுவான் என்று நினைத்தாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான்.

“அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீதான் வந்து சொல்லணும். இப்பவே வா, யாராவது போய்ச் சொல்றதுக்கு முன்னாடி.”

அவள் தொப்பியை மேசையிலேயே வைத்துவிட்டு அவன் பின்னால் நடந்தாள். இதுவரை எத்தனையோ வீட்டு வாசல்களில் நின்று கெட்ட செய்தி சொல்லியிருக்கிறாள். இந்த வாசலில் முதல் வார்த்தையை எப்படி எடுப்பது என்று தெரு முனை வரும் வரைக்கும் அவளுக்குத் தெரியவில்லை.